ஒரு வண்டிக்கு ஒரு சாண்

நரிப்பாறை ரயில் நிலையம், நிலக்கரி ஏற்றிய வண்டி ஒன்றுக்கு ஒரு சாண் வீதம் மேற்கே நகர ஆரம்பித்த வருஷத்தில், கேட் கீப்பர் செல்லக்கனி முதலில் சந்தேகப்பட்டது தன் கண்ணை. கண்ணில் ஒரு பழுதும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு சந்தேகப்பட்டது ஸ்டேஷன் மாஸ்டர் குணசீலனை. கேட் வீட்டு வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால், கிழக்கே முக்கால் கிலோமீட்டருக்கு அப்பால் தண்டவாளத்தை ஒட்டி ஸ்டேஷனின் மஞ்சள் சுவர் தெரியும், சுவருக்கு இந்தப் பக்கம் ஒற்றைப் பனை ஒன்று தெரியும். ஆடி மாதம் அந்தப் பனை சுவரை விட்டு நன்றாகத் தள்ளி நின்றது, ஆவணியில் கொஞ்சம் கிட்டே வந்து நின்றது, புரட்டாசியில் சுவரை ஒட்டி நின்றது, கார்த்திகையில் பார்த்தால் ஸ்டேஷனுக்குப் பின்னால் போய் நின்றது. பனை நடக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே யாரோ எதையோ செய்கிறார்கள், அதைத் தன்னிடம் மறைக்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டினாள்.

அப்படி முடிவு கட்ட அவளுக்கு நியாயம் இருந்தது. செல்லக்கனி பிறந்தது கேட்டுக்கு மேற்கே இருக்கும் ஆவரங்குளத்தில். கட்டிக்கொண்டது கிழக்கே இருக்கும் நரிப்பாறைக்காரர் லிங்கத்துரையை. அந்த இரண்டு ஊருக்கும் இடையில் தொண்ணூறு வருஷமாகக் கொடுக்கலும் இல்லை வாங்கலும் இல்லை, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்தும் இல்லை. அவள் கல்யாணத்துக்கு அவள் பக்கத்திலிருந்து ஒரு குஞ்சுகூட வரவில்லை. மாப்பிள்ளை பக்கத்தில் வந்தவர்களும் சாப்பிடாமல் போனார்கள். பிறந்த ஊர் அவளை ஓடிப்போனவள் என்றது, புகுந்த ஊர் அவளை வேவு பார்க்க வந்தவள் என்றது. இரண்டு ஊரிலும் வாடகைக்கு வீடு கிடைக்காமல், கேட் கீப்பராக இருந்த புருஷனோடு இரண்டுக்கும் நடுவில் இந்தக் கேட் வீட்டில் குடியேறி, பிள்ளை இல்லாமல், பதினோரு வருஷத்தில் அவரைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, அவர் வேலையைத் தான் வாங்கிக்கொண்டு, முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டாள். இந்த ஒற்றை அறையும் அடுப்படியும்தான் பூமியில் அவளுக்கென்று இருந்த இடம். ரிட்டயர் ஆக இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. அதற்குப் பிறகு எங்கே போவது என்பதை அவள் யோசிப்பதே கிடையாது.

சந்தேகப்படுவது அவள் குணம் மட்டுமில்லை, சம்பளம் வாங்குகிற வேலையும் அதுதான். ரயில்வேயில் ஒருவர் வார்த்தையை ஒருவர் நம்புவதில்லை. வண்டி வருகிறது என்று மாஸ்டர் போனில் சொன்னால், அவள் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, மூடியாயிற்று என்று சொன்னால் மட்டும் போதாது. அவளிடம் இருக்கிற அச்சடித்த தாளில் வரிசையாக இருக்கும் இரண்டிலக்க எண்களில் அடுத்ததைப் படித்துச் சொல்லி, சொன்னதை அடித்துவிட வேண்டும். அதற்குப் பிரைவேட் நம்பர் என்று பேர். அது காதில் விழுந்தால்தான் அவர் சிக்னலை இறக்க முடியும். பத்தொன்பது வருஷத்தில் அவள் கேட்டை மூடாமல் நம்பர் சொன்னதில்லை, மூடிவிட்டு நம்பர் சொல்லாமல் இருந்ததும் இல்லை.

அந்த ஸ்டேஷனின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது நகர ஆரம்பித்ததும் எல்லோரும் அந்தக் கதையைத்தான் தோண்டினார்கள். துறைமுகத்திலிருந்து மேற்கே பாதை போட்ட காலத்தில், நீராவி எஞ்சினுக்கு நிலக்கரி குவிக்கவும் தண்ணீர் பிடிக்கவும் இந்தப் பக்கம் ஒரு டிப்போ வேண்டியிருந்தது. வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் வந்து, இரும்புப் பூண் போட்ட இரண்டு தேக்கு முளைகளை அடித்து, இங்கேதான் ஸ்டேஷன் என்று குறித்துவிட்டுப் போனார். எங்கே அடித்தார் என்பதில்தான் வழக்கு. எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் இருந்ததால் எங்கள் ஊரில்தான் அடித்தார், சித்திரை மாதக் கோவில் கொடை அன்று மத்தியானம் இரண்டு ஊரிலும் மேளம் முழங்கிய நேரத்தில் நரிப்பாறைக்காரர்கள் பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்பது ஆவரங்குளத்தின் கதை. முளை முதலிலிருந்தே எங்கள் மண்ணில்தான் இருந்தது, அவர்களுக்குப் பொறாமை என்பது நரிப்பாறையின் கதை. எப்படியோ ஸ்டேஷன் நரிப்பாறையில் எழும்பியது, அங்கே இருந்த உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்து எஞ்சின்களின் கொதிகலன் எல்லாம் காரை கட்டியது, நிலக்கரி மலையாகக் குவிந்தது, நரிப்பாறையில் காரை வீடுகள் வந்தன, கடைத்தெரு வந்தது, போஸ்ட் ஆபீஸ் வந்தது. ஆவரங்குளத்தார் தொண்ணூறு வருஷமாக அந்த ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்ததில்லை. எட்டு மைல் நடந்து அடுத்த ஸ்டேஷனில் ஏறி, நரிப்பாறை வரும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். நீராவி போய் டீசல் வந்தது, டீசல் போய் மின்சாரக் கம்பி வந்தது, டிப்போ என்ற பேர் மட்டும் நின்றது. மேற்கே அனல் மின் நிலையம் வந்த பிறகு, நிலக்கரி எஞ்சினுக்குத் தீனியாக இல்லாமல் சரக்காகப் போக ஆரம்பித்தது, நாளைக்கு மூன்றோ நான்கோ வண்டி, வண்டிக்கு ஐம்பத்தெட்டு வேகன்.

அந்த வண்டிகளில் ஒவ்வொன்றும் கடக்கும்போதுதான் ஸ்டேஷன் ஒரு சாண் மேற்கே வந்தது. காலி வண்டி கிழக்கே திரும்பும்போது அது அசையவே அசையாது. உள்ளே உட்கார்ந்திருந்த குணசீலனுக்கு, டம்ளரில் இருக்கும் டீ கொஞ்சம் மேற்கே சாய்ந்து நிமிர்வது தவிர வேறொன்றும் தெரியவில்லை. அவர் சேலத்துக்காரர், இந்த ஊர்ச் சண்டை எதிலும் சேர்த்தி இல்லாதவர். கட்டடத்தைக் கவனக்குறைவாக நகரவிட்டதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து மெமோ வந்ததும், அவரும் ஆளாளுக்குச் சந்தேகப்பட ஆரம்பித்தார், குறிப்பாகத் தினமும் தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் கேட் கீப்பரை.

தண்டவாள கேங் ஆட்கள் மட்டும் ஆச்சரியப்படவில்லை. சரக்கு ஏற்றிய வண்டி ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தால் தண்டவாளமே அந்தத் திசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊரும், அதைக் கடப்பாரை போட்டுப் பின்னால் இழுப்பது அவர்கள் வருஷா வருஷம் செய்கிற வேலை. தண்டவாளம் ஊரலாமென்றால் ஸ்டேஷன் ஊரக் கூடாதா என்று மேஸ்திரி கேட்டார். கட்டடம் முதலில் பிளாட்பாரத்தின் மேலேயே வழுக்கிப் போய், சரிவில் இறங்கி, முள்காட்டைப் படுக்கவைத்துக்கொண்டு வந்தது. பிளாட்பாரம் இருந்த இடத்தில் இருந்தது. பாசஞ்சர் வண்டி பிளாட்பாரத்தில்தான் நிற்கும் என்பதால், ஜனங்கள் சைக்கிளில் போய் டிக்கெட் எடுத்துக்கொண்டு சைக்கிளில் திரும்பி வந்து வண்டி ஏறினார்கள்; தூரம் கூடக் கூடக் கொஞ்சம் முன்னால் கிளம்பினார்கள், அவ்வளவுதான். மேலிடம் வாரா வாரம் ஒரு திருத்தச் சீட்டு அனுப்பியது, அதில் ஸ்டேஷன் இருக்கும் கிலோமீட்டர் மட்டும் மாறியிருக்கும்.

நரிப்பாறை அவ்வளவு சுலபமாக விடவில்லை. ஆவரங்குளத்தான் செய்வினை வைத்துவிட்டான் என்று கோவிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தார்கள், ஆமாம் என்று வெள்ளைப் பூ வந்தது. துறைமுகத்திலிருந்து கப்பல் சங்கிலி கொண்டுவந்து, ஸ்டேஷன் தூணைப் பழைய நீராவிக் காலத்துத் தண்ணீர்க் குழாய்க் கம்பத்தோடு பிணைத்தார்கள். அடுத்த வண்டி போனபோது ஸ்டேஷன் கம்பத்தையும் பெயர்த்துக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தது, அன்றிலிருந்து அந்தக் கம்பம் அதன் பின்னாலேயே இழுபட்டு வந்தது. ஆவரங்குளத்திலும் பூக்கட்டிப் பார்த்தார்கள், சாமியே நியாயம் செய்கிறது என்று அங்கேயும் வெள்ளைப் பூதான் வந்தது. சீமைக்கருவையை வெட்டிச் சுத்தம் செய்து, ஸ்டேஷன் வந்து உட்கார இடம் சமன் பண்ணி, ஆவரங்குளம் என்று மூன்று மொழியில் போர்டு எழுதி வைக்கோற்படப்பில் ஒளித்து வைத்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில், தண்டவாளத்தின் அதே பக்கத்தில், ஸ்டேஷன் வருகிற நேர்கோட்டில், செல்லக்கனியின் கேட் வீடு இருந்தது. அதைப் பற்றி எந்தச் சாமியிடமும் யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் வருஷம் பங்குனியில் அவள் அண்ணன் தங்கப்பழம் ஒரு தார் நாட்டு வாழைப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் இந்தப் பக்கம் வந்ததில்லை. புருஷன் சாவுக்கும் வரவில்லை. அவள் முக்காலியை விட்டு எழுந்திருக்காமல் பார்த்தாள்.

"எப்படி இருக்க செல்லக்கனி?"

"இருக்கேன். என்ன விசயமா வந்திய?"

"ஒன்னயப் பாக்கத்தான்."

"பாத்தாச்சுல்லா. இனி விசயத்தச் சொல்லுங்க."

தங்கப்பழம் தாரை இறக்கி வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டினார். சில வண்டிகள் அவள் கேட்டில் ஐந்து நிமிஷம் பத்து நிமிஷம் நிற்கிறதாமே, ரோட்டில் லாரி வருகிறது மாடு வருகிறது என்று அவள் கேட்டை மூடத் தாமதம் செய்யாமல் உடனுக்குடன் நம்பர் கொடுத்தால் ஒரு நாளைக்கு ஒரு வண்டி கூடுதலாகப் போகுமாமே, ஊரில் பேசிக்கொண்டார்கள் என்றார்.

"ஸ்டேஷன் நம்மூருக்கு வந்து சேந்துட்டா நீ நம்ம வீட்டுலயே வந்து இருந்துக்கலாம் தாயி. மேக்க ஒரு ரூமு சும்மாதான் கெடக்கு."

"வார வழியில என் வீட்ட இடிச்சிட்டுல்லா வரணும்."

"அதான் சொல்லுதேன், நம்ம வீட்டுக்கு வந்துரு."

அவர் போனதும் தாரிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து ஆட்டுக்குப் போட்டு, ஆடு தின்று அரை மணி நேரம் நின்றதைப் பார்த்துவிட்டு, பிறகுதான் தான் ஒன்று தின்றாள். பழம் இனித்தது. முப்பத்தொரு வருஷம் கழித்து அண்ணன் கொண்டுவந்த பழம் இனிக்கிறதே என்று அவளுக்குத் தன் நாக்கின் மேலேயே கோபம் வந்தது.

பதினைந்து நாள் கழித்து நரிப்பாறையிலிருந்து அவள் புருஷனின் அண்ணன் அய்யாத்துரை ஓர் ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டியோடு வந்து, வாசலில் செருப்பை விட்டார். அவர் கேட்டது நேர் எதிர்.

"வண்டிய மெதுவா விடும்மா. ஒன் கைலதான் இருக்கு. நாளைக்கு ரெண்டு வண்டி போனாப் போதும், அதுக்குள்ள மேல பேசி நிறுத்திருவோம். ஸ்டேஷன் நம்ம மண்ணுல நின்னுட்டா தம்பி பங்கு வீடு ஒனக்குத்தான்."

"தம்பிக்குப் பங்கு உண்டுன்னு இன்னைக்குத்தான் நெனப்பு வந்துதா அத்தான்?"

"அப்பம் அப்பா இருந்தாவ."

"அத்த மாமா போயே இருவது வருசம் ஆச்சே."

அவர் செருப்பைத் தேடிக் காலை விட்டார். கருப்பட்டியும் ஆடு தின்ற பிறகுதான் அவள் வாய்க்குப் போனது. அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு முறை மேற்கிலிருந்து பழம் வந்தது, கிழக்கிலிருந்து கருப்பட்டி வந்தது. மதினி கையால் செய்த அதிரசம் வந்தது, அய்யாத்துரை பெண்சாதி புதுச் சேலை அனுப்பினாள். செல்லக்கனி எதையும் திருப்பி அனுப்பவில்லை, எதையும் நம்பவும் இல்லை, வண்டிகளை வேகப்படுத்தவும் இல்லை, தாமதப்படுத்தவும் இல்லை. ஆனால் பங்குனி, சித்திரை, வைகாசி என்று மாதப் பிறப்பு வந்தால், கிழக்கே ஒரு கண்ணும் மேற்கே ஒரு கண்ணுமாகப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவைக்குத்தான் வருகிறார்கள் என்று தெரிந்தும் அவர்கள் வருகிற நாளில் அவள் தலை சீவிப் பூ வைத்தாள். அதை நினைத்து வெட்கப்பட்டாள்.

மூன்றாம் வருஷம் ஸ்டேஷன் அவள் ரேடியோச் சத்தம் கேட்கிற தூரத்துக்கு வந்தது, பிறகு குணசீலனின் இருமல் கேட்கிற தூரத்துக்கு வந்தது, பிறகு அவர் சாப்பாட்டில் என்ன குழம்பு என்று வாடையில் தெரிகிற தூரத்துக்கு வந்தது. கடைசியில் அவர் ஜன்னலும் அவள் ஜன்னலும் எதிரும் புதிருமாக வந்து நின்றன. ஆனாலும் வண்டி வரும்போது அவர் போனைச் சுற்றுவார், அவள் வீட்டுக்குள் மணி அடிக்கும், அவள் ரிசீவரை எடுத்து ஜன்னல் வழியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனில் நம்பர் சொல்வாள். வாயால் சொன்னால் செல்லாது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வீடு இடிந்ததும் கேட்டையே எடுத்துவிட்டு அவளை வடக்கே எங்கேயோ மாற்றுவதாக அதில் இருந்தது. அவள் ஒரு சட்டியைக்கூட வெளியே எடுத்து வைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஸ்டேஷன் சுவருக்கும் அவள் வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒன்பது விரல் இடைவெளி இருந்தது. சாண் என்பது பன்னிரண்டு விரல். அடுத்த வண்டி பத்தே முக்காலுக்கு. இந்த வண்டியோடு கேட் வீடு விழும் என்று கேள்விப்பட்டு, நரிப்பாறை திரண்டு வந்து ஸ்டேஷனுக்குப் பின்னால் நின்றது. ஆவரங்குளம் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. இரண்டு ஊரும் ஒன்றையொன்று பார்க்காமல் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

போன் அடித்தது. செல்லக்கனி கேட்டை மூடிப் பூட்டிவிட்டு வந்து எடுத்தாள்.

"லோடு வண்டிம்மா. கேட் மூடியாச்சா?"

"மூடியாச்சு சார்."

"நம்பர் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

குணசீலன் ஜன்னல் வழியே அவளைப் பார்த்தார். "என்னம்மா இது. கேட் மூடியிருக்கறது எனக்கே தெரியுதே."

"தெரிஞ்சா வண்டிய விடுங்க."

விட முடியாது. கண்ணால் பார்த்தது கணக்கில் வராது, நம்பர்தான் வரும். கிழக்கே சிக்னலுக்கு வெளியே வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது, மறுபடி அடித்தது. மேற்கே மின் நிலையத்திலிருந்து குணசீலனின் இன்னொரு போனில் யாரோ கத்த ஆரம்பித்தார்கள். செல்லக்கனி ரிசீவரைக் கையில் பிடித்தபடியே, அதன் கம்பி எட்டுகிற மட்டும் வாசலுக்கு வந்து நின்றாள்.

"முளையப் புடுங்குனது யாரு? அத ரெண்டு ஊரும் என் காதுல சொல்லட்டும். பெறவு நம்பர் தாரேன்."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா?" என்றார் அய்யாத்துரை.

"சொல்லுதேன்." அவள் வீட்டின் கிழக்குச் சுவர் மூலையைக் காட்டினாள். அங்கே, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, தரைக்கு மேலே ஒரு சாண் நீட்டிக்கொண்டு ஒரு முளை நின்றது, அதில் ஆடு கட்டியிருந்தது. "முப்பத்து மூணு வருசமா இதுல ஆடு கட்டுதேன். தேக்கு. தலையில இரும்புப் பூணு. கெழக்க பக்கத்துலயே ஒரு குழி இருந்துது, இப்பம் ஸ்டேஷனுக்கு அடியில கெடக்கு, அதுல இதே மாதிரி ஒண்ணு இருந்து புடுங்கியிருக்கு. இதயும் புடுங்கப் பாத்திருக்காவ, கடப்பாரத் தழும்பு ஏழு இருக்கு. ஏழும் மேக்க இருந்து நெம்புனது. கெழக்க இருந்து வந்தவன் மேக்க நின்னு நெம்புவானா?"

போர்டைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அதைக் கீழே இறக்கி வைத்தார்கள். தங்கப்பழம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நம்ம தாத்தா சொல்லக் கேட்டிருக்கேன்," என்றார். "நம்மூர்ல ஒண்ணும் அடிக்கல. நடுவுலதான் வெள்ளக்காரன் அடிச்சிருந்தான். கொட அன்னைக்கி ஆறு பேரு போயிருக்காவ. போகும்போதே ஒண்ணக் காணும். மத்தத நெம்பிப் பாத்திருக்காவ, வரல. வந்திருந்தா ஸ்டேஷன் நமக்குத்தான்."

அய்யாத்துரை தரையைப் பார்த்தபடி, தன் ஊர்க்காரர்கள் முறைப்பதைக் கண்டுகொள்ளாமல் சொன்னார். "ரெண்டயும் எடுக்கத்தான் போயிருக்காவ எங்காளுவ. மேக்கருந்து ஆளு வார சத்தம் கேட்டுச்சாம். ஒண்ணோட ஓடியாந்து எங்கூர்ல நட்டுட்டாவ."

செல்லக்கனிக்கு அழுகை வரும் என்று இரண்டு ஊரும் எதிர்பார்த்தன. அவளுக்கு வந்தது ஆத்திரம். ஒரே மத்தியானத்தில் இரண்டு கூட்டம் திருடப் போய், ஒரு கூட்டம் கொஞ்சம் பிந்திப் போன கோபத்தில், தன் கல்யாணப் பந்தியில் இலை போட்டு ஆள் இல்லாமல் போனது. தன் புருஷனைத் தூக்க நாலு பேர் இல்லாமல் கேங் ஆட்கள் தோள் கொடுத்தார்கள். தலைவலி என்றால் ஒரு சுக்குத் தண்ணி போட்டுக் கொடுக்க ஆள் இல்லாமல் முப்பத்து மூன்று வருஷம் போனது. இதற்கா, இவ்வளவுக்கா என்று அவளுக்கு மனசு எரிந்தது. எரிச்சலோடு எரிச்சலாக அவள் தாளைப் பார்த்து ரிசீவரை வாயருகே கொண்டுபோனாள்.

"எழுவத்தி மூணு."

குணசீலன் திருப்பிச் சொல்லிவிட்டுச் சிக்னலை இறக்கினார். யாரோ அவள் பெட்டியையாவது வெளியே எடுக்கிறேன் என்றார்கள், வேண்டாம் என்றாள். பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தின் ஓரத்தில், வீட்டுக்கு முதுகைக் காட்டி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். வண்டி போகும்போது கேட் கீப்பர் வண்டியைத்தான் பார்க்க வேண்டும். அச்சு சூடாகிப் புகைகிறதா, கம்பி தொங்குகிறதா என்று ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்து, கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு காட்டும் கொடிக்குக் கொடி காட்டிவிட்டுத்தான் திரும்பலாம். எஞ்சின் அவளைத் தாண்டியது. கால் அடியில் மண் அதிர்ந்தது, நிலக்கரித் தூள் முகத்தில் படிந்தது, அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வேகன்களை எண்ணினாள், பதினெட்டாவது வேகனில் முதுகுக்குப் பின்னால் ஏதோ மண்ணில் உராய்கிற சத்தம் கேட்டது, அவள் பத்தொன்பதாவது வேகனின் சக்கரத்தைப் பார்த்தாள், முப்பதாவதில் ஜனங்கள் ஏதோ கூவினார்கள், அவள் முப்பத்தொன்றின் சக்கரத்தைப் பார்த்தாள், கண்ணில் தூள் விழுந்து நீர் வந்தபோதும் துடைக்காமல் ஐம்பத்தெட்டு வரை பார்த்தாள். கார்டு கொடி காட்டினார். அவளும் காட்டினாள். பிறகு திரும்பினாள்.

வீடு நின்றுகொண்டிருந்தது. ஸ்டேஷன் அன்றைக்கு மட்டும் ஒரு சாண் வராமல், ஐந்து விரல் வந்து, முளையில் முட்டி நின்றிருந்தது. சுவருக்கும் சுவருக்கும் நடுவில் நாலு விரல் மிச்சம் இருந்தது. ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது.

அடுத்த வண்டிக்கும் ஸ்டேஷன் நகரவில்லை, அதற்கடுத்த வண்டிக்கும் நகரவில்லை. உண்மையைச் சொன்னதால் நின்றது என்று சிலர் சொன்னார்கள். வர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது, அதனால் நின்றது என்று சிலர் சொன்னார்கள். கேட் கீப்பருக்கும் மாஸ்டருக்கும் ஏதோ ஏற்பாடு என்றும் சிலர் சொன்னார்கள். மேலிடம், இனித் திருத்தம் இல்லை என்று கடைசியாக ஒரு திருத்தச் சீட்டு அனுப்பி, புதுப் பிளாட்பாரம் போட்டது. பேரில் மட்டும் வழக்கு இழுத்து, கடைசியில் போர்டின் ஒரு முகத்தில் நரிப்பாறை என்றும் மறுமுகத்தில் ஆவரங்குளம் என்றும் எழுதினார்கள். கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு ஊர், மேற்கிலிருந்து வருகிறவர்களுக்கு வேறொரு ஊர். இரண்டு ஊராரும் ஒரே ஜன்னலில் டிக்கெட் எடுத்தார்கள், மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டு.

பழம் வருவது நின்றது. கருப்பட்டியும் நின்றது. அவர்களுக்கு இனி அவளிடம் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. இப்படித்தான் ஆகும் என்று செல்லக்கனிக்கு முதல் நாளே தெரியும். தெரிந்ததெல்லாம் சரியாக இருந்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போய் இரண்டு சுவருக்கும் நடுவில் நாலு விரலை வைத்துப் பார்ப்பாள். விரல் இடிக்கவும் இல்லை, இடம் கூடவும் இல்லை. ஆடி போய் ஆவணி போய்க் கார்த்திகை வந்தது. ரிட்டயர் ஆக ஒரு வருஷமும் சொச்சமும் இருந்தது.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் தங்கப்பழம் மேற்கிலிருந்து தண்டவாளத்தை ஒட்டியே நடந்து வந்தார். தோளில் தார் இல்லை. கையில் பை இல்லை. அதனால்தான் அவளுக்கு ரொம்பச் சந்தேகமாக இருந்தது.

"என்ன விசயமா வந்திய?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாம யாரு வருவா?"

"சும்மாதான் வந்தேன் செல்லக்கனி."

அவர் முக்காலியில் உட்கார்ந்து, காலைத் தடவிக்கொண்டு, எதிரே இருந்த ரோட்டைப் பார்த்தார். அவள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவருக்குப் பின்னால் சுற்றிப் போய்ச் சுவரைப் பார்த்தாள், முளையைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள், கேட் பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. போன் அடித்தது, கேட்டை மூடினாள், நம்பர் சொன்னாள், கொடியோடு போய் நின்றாள். ஐம்பத்தெட்டு வேகனும் போகும்வரை சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி போய்த் தூள் அடங்கும்போது முக்காலி காலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் திரும்பினாள்.

தங்கப்பழம் அங்கேயே இருந்தார். முகமெல்லாம் கரித்தூள். துண்டால் துடைத்துக்கொண்டு, சொம்பில் மிச்சம் இருந்த தண்ணீரைக் குடித்தார்.

செல்லக்கனி இன்னொரு முறை போய் நாலு விரலை வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. பிறகு வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.